மேர்சி நதிக்கரையில் ஒரு கேள்வி

ஓரிடத்தில் நெடுங்காலம் இருந்தவர் விலகப் போகின்றார் என்ற செய்தி வந்தால், அவர் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்னரே ‘அடுத்தவர் யார்?’ என்னும் கேள்வி எழுந்துவிடுகின்றது. மடமாயினும் சரி, மாநகர சபையாயினும் சரி, கிராமத்துச் சங்கக்கடையாயினும் சரி, இஃது உலக வழக்கு. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாம் இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது நம் கல்லூரியின் ஆசிரியர் அறையிலும் இக்கேள்வியே உலாவிக்கொண்டிருந்தது. அதிபர் அவர்கள் அவ்வாண்டின் நடுப்பகுதியில் இளைப்பாற இருந்தார். இடைவேளையில் தேநீர்க் கோப்பைகள் வந்ததும் பெயர்களும் வந்துவிடும். இன்னார் வருவார் என்பார் ஒருவர். அவர் வந்தால் இடமாற்றம் கேட்பதே நலம் என்பார் மற்றொருவர். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இப்பேச்சிலிருந்து ஓய்வு கிடைக்கும் என்று நம்பிச் சென்ற நாம், அதே கேள்வியை ஒரு நகரமே கேட்டுக்கொண்டிருந்த இடத்திற் போய் இறங்கினோம். அந்நகரம் லிவர்பூல்.

ஆசிரியர்க்கான குறுகிய காலப் பயிற்சியொன்றின் பொருட்டு லண்டனில் தங்கியிருந்த நமக்கு, உயிர்த்த ஞாயிறை ஒட்டிச் சில நாள் விடுமுறை கிடைத்தது. முன்னொரு காலத்தில் நம்மிடம் இலக்கணம் படித்து, அதனை விரைவில் மறந்து, வைத்தியரான மாணவர் ஒருவர் லிவர்பூலிலே குடும்பத்தோடு வாழ்கின்றார். “சேர், வியாழக்கிழமையே வந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆஸ்பத்திரியிற் கடமை. உதைபந்தாட்டத்துக்கு என் இடத்தில் நீங்கள்தான் மகனோடு போகவேண்டும்” என்று அவர் தொலைபேசியில் அழைத்தார். நாம் பந்தை உதைத்து முப்பது ஆண்டுகளாகின்றன. ஆயினும் அன்பான அழைப்பை மறுக்க மனம் வரவில்லை.

நகர வாயிலில்

மார்ச் 28ஆந் திகதி மாலை. லண்டன் யூஸ்ரன் நிலையத்தில் ஏறிய புகையிரதம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட ஓடி, லைம் வீதி நிலையத்தில் நம்மை இறக்கியது. வெளியே வந்ததும் எதிரே கிரேக்கக் கோயிலைப் போன்ற தூண்வரிசையோடு ஒரு பெரிய மண்டபம் நிற்கின்றது. 1854இல் திறக்கப்பெற்ற செயின்ற் ஜோர்ஜ் மண்டபம் அது. நம்மை அழைத்துச் செல்ல வந்திருந்த மாணவர் அதன் படிகளைச் சுட்டிக்காட்டினார். 1971ஆம் ஆண்டு இங்கிலாந்துக் கிண்ண இறுதியாட்டத்தில் லிவர்பூல் கழகம் ஆர்சனல் கழகத்திடம் தோற்றுத் திரும்பிற்றாம். தோற்று வந்தவர்களை வரவேற்க அம்மண்டபத்தின் முன் மக்கள் வெள்ளமாய்த் திரண்டனர். அவர்கள் முன் நின்று பேசியவர் அக்கழகத்தின் முகாமையாளர் பில் ஷாங்க்லி. வென்றவனுக்கு மாலையிடுவதை எங்கும் காணலாம். தோற்று வந்தவனுக்கு மாலையிடும் ஊரைக் காண்பது அரிது. இந்நகரத்தின் மனம் நமக்கு முதலிற் புலப்பட்டது அப்படிகளின் முன்னேதான்.

வாடகைக் காரில் ஏறி அமர்ந்தோம். சாரதி ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். எந்த ஊர் என்று கேட்டார். இலங்கை என்றோம். கிரிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை மரியாதைக்குச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலே, “அது கிடக்கட்டும், நமக்கு யார் வருவார் என்று நினைக்கிறீர்கள்?” என்றார். ‘கழகத்துக்கு’ என்று அவர் சொல்லவில்லை; ‘நமக்கு’ என்றார். வந்து ஐந்து நிமிடமான அந்நியரையும் அந்த ‘நமக்கு’ என்னும் சொல்லுக்குள் அவர் சேர்த்துக்கொண்டார்.

வாசகர்களுட் சிலர்க்குச் செய்தி நினைவிருக்கலாம். ஜேர்மனியரான யூர்கன் குளொப் 2015ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் லிவர்பூல் உதைபந்தாட்டக் கழகத்தின் முகாமையாளரானார். 2019இல் ஐரோப்பியக் கிண்ணத்தையும், 2020இல் முப்பது ஆண்டுகளாகக் கைக்கு எட்டாதிருந்த இங்கிலாந்தின் முதன்மை லீக் வெற்றியையும் அவர் தேடித் தந்தார். வெற்றிகளிலும் பார்க்க அவருடைய வாய்விட்ட சிரிப்பும், ஆட்டக்காரரை மார்போடு அணைக்கும் பாங்குமே இம்மக்களை அவர்பால் ஈர்த்தன. அவர் 2024ஆம் ஆண்டு ஜனவரி 26ஆந் திகதி, பருவ முடிவிலே தாம் விலகுவதாக அறிவித்தார். எவரும் அவரைப் போகச் சொல்லவில்லை. தம்முடைய சக்தி தீர்ந்து வருகின்றது என்பதே அவர் சொன்ன காரணம். அன்று தொடங்கிய கேள்விதான் ஒன்பது வாரங்களின் பின் வாடகைக் காரில் ஏறிய நம்மிடமும் வந்து சேர்ந்தது.

ஒரு சிறுவனின் கொப்பி

மாணவரின் மகனுக்கு வயது பத்து. தமிழை விளங்கிக்கொள்வான், பேசும்போது லிவர்பூல் நகரத்து ஆங்கிலத்தின் ராகம் அதிலே புகுந்துவிடும். நம்மை ‘மாமா’ என்று அழைத்தவன், இராப்போசனம் முடிந்ததும் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து காட்டினான். அதிலே அளவுகோல் வைத்துக் கோடு கீறி, நான்கு பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே புள்ளிகள் இட்டிருந்தான்.

முதற் பெயர் சாபி அலொன்சோ. ஸ்பெயின் தேசத்தவர்; 2004 முதல் 2009 வரை லிவர்பூலுக்கு ஆடியவர். 2005இல் இஸ்தான்புல் நகரில் நடந்த ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில், இத்தாலியின் மிலான் கழகத்துக்கு எதிராக மூன்று கோல்கள் பின்தங்கியிருந்த அணி மூன்றையும் ஈடுசெய்தபோது, மூன்றாவது கோலை அடித்தவர் அவரே. நாம் சென்ற வேளையில் ஜேர்மனியின் லெவர்கூசன் கழகத்தைத் தோல்வியே காணாமல் நடத்திவந்தார். இரண்டாம் பெயர் போர்த்துக்கலில் லிஸ்பன் நகரத்து ஸ்போர்ட்டிங் கழகத்தை நடத்திய ரூபன் அமோரிம். மூன்றாமவர் பிரைற்றன் கழகத்தின் இத்தாலியரான ரொபேர்ட்டோ டி சேர்பி. நான்காமவர் ஜேர்மன் தேசிய அணியின் யூலியன் நாகல்ஸ்மன்.

புள்ளியிடுவதற்கு அவன் மூன்று நிரல்கள் வகுத்திருந்தான். முதலாவது, வென்ற கிண்ணங்கள். இரண்டாவது, வயது. மூன்றாவது நிரலின் தலைப்பைப் படித்து நாம் சற்று நின்றோம். ‘குளொப்பைப் போன்றவரா?’ என்பது அது. அந்நிரலுக்கு மாத்திரம் இரட்டிப்புப் புள்ளி.

“தம்பி, குளொப் வருவதற்கு முன் யாரைப் போல இருந்தார்?” என்று கேட்டோம்.

சிறுவன் யோசித்தான். “ஒருவரையும் போல இல்லை” என்றான். ஆயினும் நிரலை அழிக்க அவனுக்கு மனமில்லை. நாமும் வற்புறுத்தவில்லை. நம் ஆசிரியர் அறையில் வளர்ந்தோர் நாம் பேசிக்கொண்டதும் அந்த மூன்றாம் நிரலைத்தானே?

ஆற்றங்கரையில்

மறுநாள் பெரிய வெள்ளிக்கிழமை. காலையில் மேர்சி நதிக்கரைக்குச் சென்றோம். கடலோடு கலக்குமிடத்தை அண்மிய அகன்ற நதி. மண் கலந்த நிறம். அக்கரைக்கும் இக்கரைக்கும் ஓடும் படகு. கரையிலே மூன்று பெருமாளிகைகள் அருகருகே நிற்கின்றன. அவற்றுள் 1911இல் கட்டி முடிந்த ரோயல் லிவர் மாளிகையின் இரு கோபுரங்களின் மேலும் செம்பாலான இரு பெரும் பறவைகள் சிறகு விரித்து நிற்கின்றன. ஒன்று கடலை நோக்கிக் கப்பலோட்டிகளைக் காக்கின்றது. மற்றது நகரை நோக்கி மக்களைக் காக்கின்றது என்பது ஊர்க்கதை. கழகத்தின் சின்னமும் இப்பறவையே.

ஒரு காலத்தில் உலகின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாய் விளங்கிய ஊர் இது. அடிமை வாணிபத்தாற் செல்வம் குவித்த பழியும் இதற்குண்டு. பருத்தியும் புகையிலையும் இறங்கிய பெருமையும் உண்டு. பிபி கம்பனியின் கப்பல்கள் லிவர்பூலிலிருந்து புறப்பட்டுக் கொழும்பைத் தொட்டு ரங்கூன் சென்ற காலம் நம் பாட்டன்மார் அறிந்தது. பின்னர்க் கப்பல்கள் குறைந்தன, துறைகள் வெறுமையாயின, வேலையின்மை வந்தது. 1970களிலும் 1980களிலும் இந்நகரம் பட்ட துன்பம் பெரிது. துறைமுகத்தில் வேலையில்லாதவனுக்கும் சனிக்கிழமையில் ஓர் ஆட்டம் இருந்தது. அதிலே வெற்றி இருந்தது. முகாமையாளர் யார் என்பது இங்கு வெறும் பொழுதுபோக்குக் கேள்வியன்று என்பதை ஆற்றங்கரையில் நின்றபோதுதான் உணர்ந்தோம்.

நண்பகல் அளவில், தந்தையின் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுவன் திடீரென மௌனமானான். சாபி அலொன்சோ லெவர்கூசனிலேயே தங்கிவிடுவதாக ஜேர்மனியில் நிருபர்களிடம் அறிவித்துவிட்டார். இளம் பயிற்றுநரான தமக்கு அதுவே இப்போது ஏற்ற இடம் என்பது அவர் கருத்து. சிறுவன் அழவில்லை. கொப்பியைக் கொண்டுவரவில்லையே என்று மாத்திரம் சொன்னான்.

1974இன் நிழல்

மதிய உணவுக்காக ஆற்றங்கரைக்கு அண்மையில் ஒரு சிறு சாப்பாட்டுக்கடைக்குச் சென்றோம். இந்நகரத்தவரை ‘ஸ்கௌசர்’ என்று அழைப்பார்கள். கப்பலோட்டிகள் உண்ட ‘ஸ்கௌஸ்’ என்னும் கறிக் குழம்பிலிருந்து வந்த பெயர் அது. இறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம் எல்லாம் சேர்த்து நெடுநேரம் வேகவைப்பது. இறைச்சி வாங்க வசதியற்ற வீடுகளில் அஃதில்லாமலே சமைத்தனர். அதற்குக் ‘குருட்டு ஸ்கௌஸ்’ என்று பெயர். சைவ உணவினரான நமக்கு அந்த ஏழைவீட்டுக் குழம்பே கிடைத்தது. மிளகு சிறிது தூவினால் நம்மூர்க் கிழங்குக் கறிக்கு அது தூரத்து உறவு எனலாம்.

கடை முழுவதும் ஒரே பேச்சு. “இனிப் போர்த்துக்கல்காரர்தான்” என்றார் ஒருவர். பந்தயக் கடைகளிலே முதலிடத்தில் நின்ற பெயர் வீழ்ந்ததும் பெருந்தொகை இழந்தவர்களைப் பற்றி வேறொருவர் சிரித்தார். ஒருவருடைய ஒப்பந்தத்தில் விலகுவதற்கு என்ன நிபந்தனை, அவர் ஆங்கிலம் பேசுவாரா, அவர் மனைவிக்கு இந்நகரம் பிடிக்குமா என்பது வரை ஆராய்ந்தார்கள். கோயில் தர்மகர்த்தா சபைத் தேர்தலுக்கு முந்திய நாளில் நம் தெருச் சந்திகளிற் கேட்கும் அதே தொனி! இத்தனைக்கும் தெரிவு செய்பவர்கள் இவர்கள் அல்லர். 2010 முதல் அக்கழகத்துக்கு உடைமையாளராயிருந்த அமெரிக்கக் கம்பனியினரே தீர்மானிக்க வேண்டியவர்கள். அவர்கள் வாய் திறக்கவில்லை.

பக்கத்து மேசையில் தனித்திருந்த முதியவர் ஒருவர் சிறுவனின் வாடிய முகத்தைக் கண்டு பேச்சுக் கொடுத்தார். “எனக்குப் பன்னிரண்டு வயதில் இதைவிடப் பெரிய இடி விழுந்தது. நானும் உன்னைப்போலத்தான் இருந்தேன்” என்றார்.

அவர் சொன்னது 1974ஆம் ஆண்டு ஜூலை 12ஆந் திகதியைப் பற்றியது. ஸ்கொற்லாந்தின் சுரங்கக் கிராமமொன்றிற் பிறந்த பில் ஷாங்க்லி 1959ஆம் ஆண்டு டிசம்பரில் லிவர்பூலுக்கு வந்தார். இரண்டாம் பிரிவிலே கிடந்த கழகத்தை உயர்த்தி, மூன்று முறை லீக் வெற்றியும் இரு முறை இங்கிலாந்துக் கிண்ணமும் பெறச் செய்தார். இரண்டாவது கிண்ணத்தை வென்று மூன்று மாதங்கூட ஆகவில்லை; தாம் விலகுவதாக அறிவித்துவிட்டார். தொலைக்காட்சி நிருபர் ஒருவர் வீதியிற் சென்றவர்களிடம் இச்செய்தியைச் சொன்னபோது, அவர் பகடி பண்ணுகின்றார் என்றே பலர் எண்ணினர். நம்ப மறுத்து நின்ற ஒரு சிறுவனின் முகம் அப்படச்சுருளிலே இன்றும் இருக்கின்றது.

“அப்போதும் பெயர்கள் வந்தன. பெரிய பெரிய பெயர்கள். கடைசியில் யாரைப் போட்டார்கள் தெரியுமா? அதே கழகத்தில் இருபது ஆண்டுக்கு மேலாக மூலையில் நின்று வேலை செய்த பொப் பெய்ஸ்லியை! என் தகப்பனார், இனி நமக்கு இருட்டுத்தான் என்றார்” எனச் சொல்லி முதியவர் சிரித்தார்.

இரு சிலைகள்

சனிக்கிழமை அன்பீல்ட் மைதானத்தைச் சுற்றிப் பார்த்தோம். சிவப்புச் செங்கல் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் ஒடுங்கிய தெருக்கள். சில சுவர்களில் ஆட்டக்காரரின் பேருருவங்கள். தெரு முடிவிலே வீடுகளுக்கு மேலாக எழுந்து நிற்கும் மைதானம். 1884இல் இங்கு முதலில் ஆடியது எவர்ட்டன் கழகம். 1892இல் மைதானச் சொந்தக்காரரோடு பிணங்கி அக்கழகம் வெளியேற, வெறுமையான மைதானத்துக்காகத் தோன்றியதே லிவர்பூல் கழகம். எவர்ட்டன் ஒரு பூங்காவுக்கு அப்பாற் சென்று குடிசன் பார்க் மைதானத்தை அமைத்தது. 2025இல் ஆற்றங்கரையின் புதிய அரங்குக்குப் பெயரும்வரை அண்ணன் தம்பிமார் வேலிக்கு இருபுறம் வாழ்வதுபோல் இரு கழகங்களும் வாழ்ந்தன.

மைதானத்தின் ஒரு முனைக்குக் ‘கொப்’ என்று பெயர். 1900ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்தில் ஸ்பியன் கொப் என்னும் குன்றின்மேல் இப்பகுதியைச் சேர்ந்த போர்வீரர் பலர் மடிந்தனர். அவர்கள் நினைவாக 1906இல் அப்பெயர் இடப்பட்டது. அதே குன்றிலிருந்து காயமுற்றோரைத் தூக்குக் கட்டிலிற் சுமந்து இறக்கிய இந்தியர் படையிலே காந்தியடிகளும் இருந்தார் என்பதை நினைக்க, அந்நியமான அம்மைதானம் நமக்குச் சற்று அண்மித்தது.

1989ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆந் திகதி ஷெஃபீல்ட் நகரத்து ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் அகப்பட்டு உயிர் நீத்த 97 ரசிகர்களின் நினைவுச் சின்னத்தின் முன் சிறிது நேரம் நின்றோம். மலர் வைத்திருந்தார்கள். சிறுவன் தொப்பியைக் கழற்றினான். அவன் பிறப்பதற்கு நெடுங்காலத்துக்கு முந்திய துயரம் அது. ஆயினும் அவனுக்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கொப்பின் புறத்தே ஷாங்க்லியின் சிலை நிற்கின்றது. 1997இல் வைத்தது. கழுத்திலே சால்வை, விரித்த இரு கைகள். அவர் மக்களை மகிழ்வித்தார் என்னும் பொருள்பட அடியிலே பொறித்திருக்கிறார்கள். பெய்ஸ்லிக்கும் ஒரு சிலையுண்டு; 2020இல் வைத்தது. அதிலே அவர் கை விரித்து நிற்கவில்லை. காயமுற்ற எம்லின் ஹியூஸ் என்னும் ஆட்டக்காரரை முதுகிற் சுமந்தபடி நடக்கின்றார். 1968இல் எடுத்த ஒரு புகைப்படத்தைப் பார்த்துச் செய்த உருவம் அது. முகாமையாளராவதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே அவர் அங்கு சுமந்துகொண்டிருந்தார் என்பதற்குச் சாட்சி.

டரம் மாவட்டச் சுரங்கத் தொழிலாளியின் மகன். கொத்தனார் வேலை பழகியவர். கூட்டத்திற் பேச நாவெழாதவர். பதவியை ஏற்கவும் அவர் விரும்பவில்லை. வற்புறுத்தியே ஏற்கச் செய்தார்கள். முதற் பருவத்தில் ஒரு கிண்ணமும் இல்லை. அதன்பின் எட்டு ஆண்டுகளில் ஆறு லீக் வெற்றிகள், மூன்று ஐரோப்பியக் கிண்ணங்கள்! ஷாங்க்லியைப் போற் பேச அவர் முயன்றிருந்தால் ஊர் சிரித்திருக்கும். தமக்குத் தெரிந்த வேலையைத் தமக்குத் தெரிந்த விதத்திற் செய்தார், ஊர் வாயடைத்தது.

ஆனால் இக்கதைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதை வீட்டுக்குத் திரும்பும் வழியிலே மாணவர் கூறினார். விலகிய ஷாங்க்லியால் வீட்டில் இருக்க முடியவில்லை. காலையில் எழுந்ததும் பழைய பயிற்சித் திடலுக்கு வந்துவிடுவார். ஆட்டக்காரர் பழக்கத்தால் அவரையே தலைவர் என்று அழைத்தனர், புதியவருக்குச் சங்கடம். இனி வராதிருப்பது நலம் என்பது மெல்ல மெல்ல அவருக்கு உணர்த்தப்பட்டது. அவர் வீட்டுக்கு அருகே இருந்தது எவர்ட்டனின் பயிற்சித் திடல். எதிர்க் கழகத்தவர் அவரை இன்முகத்தோடு வரவேற்றனர். 1976இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் இம்மனப்புண்ணை அவர் மறைக்கவில்லை. 1981இல் மறைந்தார். விரித்த கைகளோடு நிற்கும் அச்சிலையை மறுநாள் மீண்டும் கண்டபோது, நமக்கு அது வேறு விதமாய்த் தோன்றிற்று.

ஞாயிறு ஆட்டம்

மார்ச் 31. அன்று அதிகாலையில் இங்கிலாந்திலே கடிகாரங்களை ஒரு மணி முன்னே தள்ளிவைத்தார்கள். ஒரு மணி நித்திரையை இழந்த நகரம் உற்சாகத்தை இழக்கவில்லை. சால்வை விற்போர், பொரித்த மீன் வாசனை, தந்தையரின் கைபிடித்து வரும் சிறுவர். நல்லூர்த் தேரன்று காலையில் வீதிக்கு வரும் முகங்களில் உள்ள ஒளியை அங்கு கண்டோம். ஆட்டத்துக்கு முன் அத்தனை பேரும் எழுந்து, சால்வையை உயர்த்தி, 1963 முதல் அக்கழகத்தின் கீதமாகிவிட்ட பாடலைப் பாடினார்கள். சொற்களை அறியாத நாமும் எழுந்து நின்றோம்.

அன்றைய எதிரணி பிரைற்றன். சிறுவனின் பட்டியலில் மூன்றாமவரான டி சேர்பி எதிர்ப்புறத்து எல்லைக்கோட்டருகே நின்றார். நம் வரிசையில் இருந்த பலர் பந்தைப் பார்த்த நேரத்திலும் பார்க்க அவரைப் பார்த்த நேரமே அதிகம். பெண் பார்க்க வந்தவர்கள் வேறெதையோ பேசிக்கொண்டு ஓரக்கண்ணால் அளப்பதுபோல் இருந்தது அக்காட்சி. இரண்டாம் நிமிடத்திலேயே பிரைற்றனின் டனி வெல்பெக் கோல் அடித்துவிட்டார். இடைவேளைக்கு முன் லூயிஸ் டயஸ் அதை ஈடுசெய்தார். பிற்பாதியிலே முகம்மது சலா வெற்றிக் கோலை அடித்தார். இரண்டுக்கு ஒன்று.

ஆட்டம் முடிந்ததும் கரகோஷம் அடங்க நெடுநேரமாயிற்று. சிறுவனைப் பார்த்தோம். அவன் டி சேர்பியைப் பார்க்கவில்லை, புள்ளிகளை எண்ணவுமில்லை. “இன்னும் கொஞ்ச நாள்தானே, மாமா” என்றான்.

அப்பொழுது ஒன்று விளங்கிற்று. அடுத்தவர் யார் என்று இவர்கள் ஓயாமற் பேசியது வருபவர் மேலுள்ள ஆவலால் மாத்திரம் அன்று. போகின்றவரைப் பற்றிப் பேசினால் தொண்டை அடைக்கும். ஆகவே வரப்போகின்றவரைப் பற்றிப் பேசினார்கள். ஒவ்வொரு பெயரையும் உரைத்துப் பார்த்த உரைகல் போகின்றவரே. சிறுவனின் மூன்றாம் நிரல் உண்மையில் ஒரு பிரிவுபசாரப் பத்திரம்.

வந்தவர் யார்?

நாம் ஊர் திரும்பிய பின் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாய்ச் சொல்லலாம். பட்டியலில் இருந்த நால்வருள் ஒருவரும் வரவில்லை. ஒல்லாந்தின் ரொட்டர்டாம் நகரத்து ஃபெயனூர்ட் கழகத்தை 2023இல் நாட்டின் முதலிடத்துக்குக் கொண்டுவந்த ஆர்ன ஸ்லொட் என்பவர் தெரிவானார். 2024ஆம் ஆண்டு மே 19ஆந் திகதி குளொப் தம் இறுதி ஆட்டத்தை முடித்துக்கொண்டு மைதான நடுவில் நின்றார். கண்ணீரோடு நின்ற மக்களிடம் தம் புகழைப் பாடச் சொல்லவில்லை. வரவிருந்தவரின் பெயரைத் தாமே ராகத்தோடு எடுத்துக் கொடுத்து அத்தனை பேரையும் பாட வைத்தார். மறுநாளே அறிவித்தல் வெளிவந்தது.

வாழ்த்து மாத்திரம் போதும் என்று சொல்ல வரவில்லை. 2013இல் மன்செஸ்ரர் யுனைற்றட் கழகத்திலிருந்து இளைப்பாறிய அலெக்ஸ் பேர்குசனும், புதியவருக்குத் துணை நில்லுங்கள் என்று ரசிகரை வேண்டினார். ஆயினும் அவருக்குப் பின் வந்த டேவிட் மொய்ஸ் ஓராண்டைத் தாண்டவில்லை. வாழ்த்து வழியைத் திறக்கும். நடக்க வேண்டியவர் வந்தவரே. ஸ்லொட் நடந்தார். குளொப்பைப் போல் மார்பில் அறைந்து ஆர்ப்பரிக்கவில்லை. அமைதியாக வேலையைப் பார்த்தார். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆந் திகதி ரொட்டன்ஹாம் கழகத்தை ஐந்துக்கு ஒன்று என்று வென்று, லிவர்பூல் தன் இருபதாவது லீக் வெற்றியைப் பெற்றது. அன்று ஒலிவாங்கியைக் கையில் எடுத்த ஸ்லொட், முன்னவருக்கு நன்றி சொல்லி, அதே ராகத்தில் குளொப்பின் பெயரைப் பாடினார். கடன் தீர்ந்தது.

அன்றிரவே சிறுவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஆங்கில எழுத்திலே எழுதிய தமிழ். “மாமா, இவர் குளொப்பைப் போல இல்லை. பரவாயில்லை.”

நம் வாயிலில்

நம் கல்லூரிக்கும் புதிய அதிபர் வந்தார். ஆசிரியர் அறையில் நாம் சொல்லி வந்த பெயர்களுள் அவர் பெயரும் இருக்கவில்லை. அதிர்ந்து பேசாதவர், முன்னவரைப் போல் மேடையில் முழங்கத் தெரியாதவர். முதல் மாதம் நம்முட் பலருக்கு அது குறையாகவே பட்டது.

இளைப்பாறிய அதிபரின் வீடு கல்லூரிக்கு அண்மையில். காலையில் முதல் மணி அடிக்கும் வேளையில், வெள்ளை வேட்டியும் சால்வையுமாய் எதிர்ப்பக்கத்து வேம்பின் கீழே வந்து நிற்பார். பிள்ளைகள் வழமைபோல் வணக்கம் சொல்லிச் செல்வார்கள். புதியவருக்கு இது சங்கடமாயிருக்கும், யாராவது மெதுவாக அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்தது. ஒரு நாள் நாமும் அவரைத் தூரத்தே கண்டு, காணாதவர்போற் பக்கத்து வாயிலால் உள்ளே சென்றுவிட்டோம். அன்று முழுவதும் பாடம் ஓடவில்லை. எதிர்க் கழகத்தின் திடலிலே போய் நின்ற ஒரு முதியவரின் உருவம் கண் முன் நின்றது.

மாலையில் புதிய அதிபரிடம் சென்று லிவர்பூல் கதையைச் சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாட் காலை முதல் மணி அடிக்கையில், அவரே வீதியைக் கடந்து சென்று, வேம்பின் கீழ் நின்றவரைக் கைபற்றி உள்ளே அழைத்து வந்தார். அன்று காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்குப் பேசியவர் பழைய அதிபர். பேச்சு வழமைபோல் நீண்டது. ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.